அடுக்குமாடி வீட்டில் கேஸ் சோதனை: ஏஜென்சி ஆள் பார்க்காத குழாயை யார் பார்ப்பது?

கேள்வி கேட்டவர் வேளச்சேரியில் 40 வீடுகள் கொண்ட, 14 ஆண்டு பழைய குடியிருப்பின் செயலாளர். கேஸ் ஏஜென்சியிலிருந்து ஒருவர் வந்து வீட்டுக்கு 236 ரூபாய் கேட்கிறார், அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இது கட்டாயமா, ஏமாற்று வேலையா? கட்டாயம் என்றால் இது மட்டும் போதுமா, அசோசியேஷன் தனியாக ஆள் வைத்துச் சோதிக்க வேண்டுமா? பெரும்பாலான வீடுகளில் சிலிண்டர் யுடிலிட்டியில், அதாவது சமையலறையை ஒட்டிய சின்ன வேலை இடத்தில், இருக்கிறது, அடுப்பு சமையலறையில் இருக்கிறது, நடுவில் பில்டர் போட்டுக்கொடுத்த காப்பர் பைப் சுவருக்குள் ஓடுகிறது. இவ்வளவுதான் அவர் சொன்ன விவரம். அந்தக் கடைசி வரிதான் என்னை இத்தனை நீளமாக எழுத வைக்கிறது.

முதலில் 236 ரூபாய். சோதனை கட்டாயம்தான். எண்ணெய் நிறுவனங்களின் விதிப்படி, வீட்டு எல்.பி.ஜி. இணைப்பு ஒவ்வொன்றையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஏஜென்சியின் பயிற்சி பெற்ற ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டும். 200 ரூபாய் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 36 ரூபாய். கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் இந்தப் பெயரைச் சொல்லி வேறு ஆட்களும் வருகிறார்கள் என்பது உண்மை. சீருடை மாதிரி ஒரு சட்டை, கழுத்தில் ஓர் அட்டை, பையில் விலை கூடிய டியூபும் "கேஸ் சேவர்" என்று ஏதோ ஒன்றும். அதனால் கதவைத் திறக்கும் முன் உங்கள் கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி எண்ணுக்கு நீங்களே போன் செய்து, இந்தப் பெயரில் ஆள் அனுப்பினீர்களா என்று கேளுங்கள். வந்தவர் கொடுக்கும் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். ரசீது இல்லாமல் பணம் வேண்டாம். டியூப் மாற்ற வேண்டும் என்றால் மாற்றுங்கள். வேறு எந்தப் பொருளையும் அவரிடம் வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

சரி, உண்மையான ஆள்தான் வந்திருக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்? ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இல்லை இது. பக்கத்திலேயே நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தை, நாம் வாஷர் என்று சொல்வதை, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு, நசுங்கல் எதுவும் இருக்கக் கூடாது. சிலிண்டரின் கைப்பிடிக்குக் கீழே நிற்கும் தகடுகளில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் கடைசி மூன்று மாதம். பக்கத்தில் இருப்பது ஆண்டு. அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டிய காலம் அது. தேதி கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள், கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் ரெகுலேட்டர். சிலிண்டருக்குள் இருக்கும் வாயு, வெயிலையும் கலவையையும் பொறுத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல மடங்கில் இருக்கும். ரெகுலேட்டர் அதைச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவுக்கு இறக்கித் தருகிறது. ஒரு கண்ணாடிக் குழாயில் 30 சென்டிமீட்டர் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம், அவ்வளவுதான். இந்த 30 சென்டிமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ரெகுலேட்டரைப் பொருத்தி, ஆன் செய்து, வால்வைச் சுற்றிலும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். முகர்ந்து பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை சார்" என்று சொல்வது சோதனை ஆகாது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவரை உடனே வெளியே அனுப்பிவிடுங்கள்.

டியூப் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஏஜென்சிகள் இப்போது விற்பது உள்ளே எஃகுக் கம்பி வலையும் ஆரஞ்சு நிறமும் கொண்ட சுரக்ஷா டியூப். அதில் ஐ.எஸ். 9573 என்ற எண்ணும் தயாரித்த ஆண்டும் அச்சாகியிருக்கும். அதற்கு ஐந்து ஆண்டு ஆயுள். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் ஐந்து ஆண்டு முடிந்தால் மாற்றிவிட வேண்டும். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடுவில் ஒட்டுப் போடக் கூடாது, டி-ஜாயிண்ட் வைத்து இரண்டு அடுப்புக்குப் பிரிக்கக் கூடாது, சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியே இழுக்கக் கூடாது. டியூபுக்கு அழகாகத் துணி உறை தைத்துப் போடுவார்கள் சிலர். எலி கடித்ததும் தெரியாது, வெடிப்பும் தெரியாது. அதைக் கழற்றிவிடுங்கள்.

இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் 236 ரூபாய் நியாயமான பணம்தான். இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இது போதுமா என்றால், உங்கள் கட்டடத்துக்குப் போதாது.

காரணம் எளிது. ஏஜென்சியின் படிவம் பழைய வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. தரையில் சிலிண்டர், மேடையில் அடுப்பு, நடுவில் ஒரே ஒரு டியூப், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். உங்கள் வீடுகளில் அப்படி இல்லை. யுடிலிட்டியில் சிலிண்டரிலிருந்து முதல் டியூப். அது சுவரில் ஒரு பித்தளை முனையில் முடிகிறது. அங்கிருந்து காப்பர் பைப் சுவருக்குள்ளோ கிரானைட் மேடைக்கு அடியிலோ போய், சமையலறையில் இன்னொரு பித்தளை முனையாக வெளியே வருகிறது. அங்கே இரண்டாவது டியூப், அது மேடைக்குள் பதித்த அடுப்பின், ஹாப் என்கிறார்களே, அதன் அடிவயிற்றில் போய்ச் சேருகிறது. வருகிற ஆள் பார்ப்பது முதல் டியூபை மட்டும்தான். இரண்டாவது டியூப் டிராயருக்குப் பின்னால் இருட்டில் இருக்கும். டிராயரை ஒவ்வொரு முறை இழுத்துத் தள்ளும்போதும் அதன் பின்பலகை டியூபில் உரசும். சில வீடுகளில் அதே கேபினெட்டில் ஓவனும் உட்கார்ந்திருக்கும். டிராயரைக் கழற்றாமல் அந்த டியூபின் தேதியைப் படிக்கவே முடியாது. என் அனுபவத்தில், முதல் டியூபை இரண்டு முறை மாற்றியவர்கள்கூட இரண்டாவதைக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து தொடாமல் வைத்திருப்பார்கள்.

நடுவில் இருக்கும் காப்பர் பைப் அதைவிட அநாதை. பில்டர் சாவியைக் கொடுத்ததோடு கணக்கு முடித்துவிட்டார். ஏஜென்சிக்காரர் "அது எங்கள் பொருள் இல்லை" என்பார், அதுவும் நியாயம்தான். குடியிருப்பவர் வாடகைக்காரராக இருந்தால், கேஸ் இணைப்பு அவர் பெயரில், பைப் வீட்டுக்காரர் பெயரில். வீட்டுக்காரர் அமெரிக்காவிலோ அண்ணா நகரிலோ இருப்பார். வாயு தினமும் ஓடுகிற ஒரு குழாய்க்கு யாரும் பொறுப்பில்லை. உங்கள் அசோசியேஷன் கையில் எடுக்க வேண்டியது இதைத்தான்.

சுவருக்குள் இருக்கும் காப்பருக்கு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நல்ல காப்பர், நல்ல பிரேசிங் (உலோகத்தை உருக்கி ஒட்டிய இணைப்பு), ஒரு உறைக்குழாய்க்குள் போட்டிருந்தால் பல காலம் ஒன்றும் ஆகாது. பிரச்சினை வருவது வேறு வழிகளில். உறை இல்லாமல் நேராகச் சிமெண்டில் புதைத்திருப்பார்கள். தரை கழுவ ஊற்றும் ஆசிட் யுடிலிட்டிச் சுவரின் அடியில் ஊறி ஊறிப் பைப்பை அரிக்கும். நட்டு போட்டு முடுக்கிய ஜாயிண்டைச் சுவருக்குள் வைத்துப் பூசியிருப்பார்கள். திறந்து பார்க்க முடியாத இடத்தில் அப்படி ஒரு ஜாயிண்ட் இருக்கவே கூடாது. எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது மாடுலர் கிச்சன் போட வரும் தச்சருக்குத்தான். பைப் எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. மேல் கேபினெட்டை மாட்ட நாலு அங்குல ஸ்க்ரூ இறக்குவார். ஸ்க்ரூ பைப்பைத் துளைத்து, அதே ஸ்க்ரூவே அடைப்பாகவும் நின்றுவிடும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு கேபினெட் கொஞ்சம் ஆடும்போது கசிய ஆரம்பிக்கும், அதுவும் சுவருக்குள்ளேயே.

சோப்புத் தண்ணீர் இங்கே உதவாது, தெரியாத இடத்தில் எப்படி விடுவது? அழுத்தச் சோதனை ஒன்றுதான் வழி. நீங்களாகச் செய்யச் சொல்லவில்லை, வந்தவர் சரியாகத்தான் செய்கிறாரா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டருக்கு மூடி போட வேண்டும். அடுப்பு முனையையும் கழற்றி அடைக்க வேண்டும். இப்போது பைப் மட்டும் தனியாக இருக்கிறது. முதலில் வேலை அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகமாகக் காற்றோ நைட்ரஜனோ ஏற்றி, வால்வை மூடி, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்க வேண்டும். இது பைப்பும் ஜாயிண்டுகளும் தாங்குமா என்பதற்கு. ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் ஏற்றக் கூடாது. இந்தக் கட்டத்தில் அடுப்பு இணைந்திருக்கக் கூடாது, அடுப்பின் நாப் வால்வுகள் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. பிறகு அழுத்தத்தை இறக்கி, டியூப்களையும் அடுப்பையும் மாட்டி, எல்லா நாபையும் மூடி, 30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குக் காற்று ஏற்றி, மானோமீட்டரில், அதாவது தண்ணீர் நிரப்பிய யு வடிவக் கண்ணாடிக் குழாயில், மட்டத்தைக் கவனிக்க வேண்டும். முதல் சோதனையில் நின்ற அழுத்தம் இரண்டாவதில் இறங்கினால் கசிவு அடுப்பின் நாபிலோ டியூப் முனையிலோ இருக்கிறது, சுவரை உடைக்க வேண்டியதில்லை. முதலிலேயே இறங்கினால் பைப்பில் பிரச்சினை. அந்தப் பைப்பை அப்படியே கைவிட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும்படி புதிதாக வெளியே ஓட்டுங்கள். சுவரைக் கொத்தி ஒட்டுப்போட்டு மறுபடி பூசுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டுக்குள் இந்தச் சோதனை மிக நுட்பமாக வேலை செய்யும். 8 மில்லிமீட்டர் உள்விட்டமும் நாலு மீட்டர் நீளமும் உள்ள பைப்புக்குள் இருப்பது ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் காற்று, ஒரு டம்ளர் அளவு. அதிலிருந்து கால் மில்லிலிட்டர் போனாலே மானோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் இறங்கிவிடும். அதனால் பத்து, பதினைந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தாலே மயிரிழைக் கசிவும் தெரிந்துவிடும். கேஸ் பேங்க் உள்ள குடியிருப்புகளில், அதாவது பல சிலிண்டர்களை ஓரிடத்தில் இணைத்து எல்லா வீட்டுக்கும் குழாயில் கொடுக்கும் இடங்களில், கட்டடம் முழுவதும் ஏறும் பொதுக் குழாயில் கதை வேறு. உள்ளே இருக்கும் காற்று எத்தனையோ மடங்கு அதிகம், அதே கசிவு அங்கே கேஜை அசைக்கவே அசைக்காது. பொதுக் குழாயை வீட்டுக் குழாய் போலப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு "ஓகே" எழுதுபவரை நம்பாதீர்கள். மணிக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் சென்னை வெயில் விளையாடும். மூடிய குழாயில் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் அளவு ஏறும். ஒரு டிகிரி இறங்கினால் அவ்வளவு இறங்கும். காலை பத்து மணிக்கு மொட்டைமாடிக் குழாயில் சோதனை தொடங்கினால், வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறி, உண்மையான கசிவை மறைத்துவிடும். சாயங்காலம் தொடங்கினால் குளிர்வதால் இறங்கும், இல்லாத கசிவைத் தேடி எல்லாரும் அலைவீர்கள். விடியற்காலையில், வெயில் படும் முன் செய்யச் சொல்லுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அழுத்தத்தோடு வெப்பநிலையையும் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்ணும் இல்லாத சோதனை அறிக்கைக்கு மதிப்பில்லை.

ஒரு சின்னப் பித்தளை நட்டுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று பொதுக்குழுவில் கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் கட்டடத்துக்கு நடந்ததைச் சொல்லுங்கள். கிழக்கு லண்டனில் 22 மாடி, ஆட்கள் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16 அதிகாலை, 18ஆவது மாடியில் ஒரு பெண் தேநீர் போடத் தீக்குச்சி கிழித்தார். கசிந்திருந்த வாயு வெடித்து, மூலைச் சுவர் வெளியே தள்ளப்பட்டு, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சீட்டு அடுக்காகச் சரிந்தது. நால்வர் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். குச்சி கிழித்தவர் பிழைத்துக்கொண்டார். விசாரணையில் தெரிந்தது, அடுப்போடு குழாயை இணைத்த பித்தளை நட்டு தரம் குறைந்தது என்பது. அந்தக் கட்டடத்தின் கட்டுமானப் பலவீனமும் பெரிய காரணம்தான், எல்லாக் கட்டடமும் அப்படிச் சரிந்துவிடாது. ஆனால் ஒரு வீட்டின் இணைப்பு மேலும் கீழும் உள்ள அத்தனை வீட்டையும் பாதிக்கும். அசோசியேஷன் இதைத் தனிப்பட்ட வீட்டு விஷயம் என்று ஒதுக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

பிரிட்டனில் இன்று 1998ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் உள்ளன. வீட்டை வாடகைக்கு விடுபவர், தனக்குச் சொந்தமான கேஸ் சாதனங்களையும் அவற்றின் புகைபோக்கிகளையும் 12 மாதத்துக்கு ஒருமுறை பதிவுபெற்ற பொறியாளரை வைத்துச் சோதித்து, 28 நாளுக்குள் அறிக்கையின் நகலைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். குழாயைப் பாதுகாப்பான நிலையில் பராமரிப்பதும் உரிமையாளரின் சட்டக் கடமை. 2009 ஏப்ரல் முதல் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் இருப்பவர் மட்டுமே அங்கே கேஸ் வேலை செய்யலாம். அவருடைய அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அச்சிட்டிருக்கும். நமக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. நான் அதில் முக்கியமாகப் பார்ப்பது, பொறுப்பு ஒருவர் தலையில் தெளிவாக விழுகிறது என்பதை. உங்கள் விதிமுறைகளில் நீங்களே அப்படி எழுதிக்கொள்ளலாம். வாடகைக்கு விடும் ஒவ்வொரு முறையும், புதியவர் குடிவரும் முன், உள் பைப்புக்கு அழுத்தச் சோதனை செய்த அறிக்கையை வீட்டுக்காரர் அசோசியேஷனிடம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் முனகுவார்கள், ஆனாலும் இதை விடாதீர்கள்.

"பத்து வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பதும் கேட்கும். இலங்கையில் 2021 நவம்பர், டிசம்பரில் வீடு வீடாகச் சமையல் எரிவாயு விபத்துகள் நடந்தது நினைவிருக்கும். சிலிண்டரில் புரோப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியதுதான் அப்போது முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது, அரசு ஒரு குழுவையே அமைத்து ஆராய்ந்தது. புரோப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அதுவரை எப்படியோ தாக்குப்பிடித்த வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் அதிகச் சோதனை வரும். நம் சிலிண்டரில் என்ன கலவை வரும் என்பது நம் கையில் இல்லை. நம் வீட்டுக்குள் இருப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

காற்றோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், சாக்கடைத் துளைக்குள் இறங்கும், வாசல்படி இடுக்கு வழியே அடுத்த அறைக்குப் போகும். காற்றில் ஏறக்குறைய 1.8 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். எட்டுக்குப் பத்தடி சமையலறை முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்கும் குறைவான வாயு போதும், சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ. தரையோரத்தில் மட்டும் தேங்கினால் அதைவிடச் சொற்பமே போதும். ஆகவே சிலிண்டர் இருக்கும் கேபினெட்டுக்கு அடியிலும் மேலும் துளை வேண்டும், அடியில் இருப்பதுதான் முக்கியம். யுடிலிட்டியைக் கண்ணாடி போட்டு முழுசாக மூடியவர்கள், கீழே ஒரு கிரில் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வாஷிங் மெஷின் பிளக்கும் இன்வெர்ட்டரும் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தரைமட்டத்துக்குக் கீழான இடத்தில், அதாவது பேஸ்மெண்ட்டில், சிலிண்டரே கூடாது. காவலாளி அறைக்கும் இது பொருந்தும், அங்கே ஒரு சின்னச் சிலிண்டரும் அடுப்பும் இருக்கும், யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கேஸ் டிடெக்டர் வாங்குபவர்கள் எல்.பி.ஜி.க்கு அதைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் வைக்க வேண்டும். கூரையருகே மாட்டி நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாய் எரிவாயுவுக்கு நேர் எதிர். அது மீத்தேன், காற்றைவிட லேசு, மேலே ஏறும், டிடெக்டரும் கூரையை ஒட்டித்தான் இருக்க வேண்டும். சென்னையில் குழாய் எரிவாயு பல பகுதிகளுக்கு வந்துகொண்டிருக்கிறது, உங்கள் தெருவுக்கும் வரலாம். அப்போது "பில்டர் போட்ட பைப் இருக்கிறதே, அதிலேயே கொடுத்துவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். அது எந்த அளவில், எந்தத் தரத்தில் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அந்த வாயு அடுப்புக்கு 21 மில்லிபார், அதாவது சுமார் 21 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு அழுத்தத்தில் வருகிறது, அடுப்பின் ஜெட்டையும், அதாவது வாயு வெளிவரும் சின்னத் துளை உள்ள முனையையும், மாற்ற வேண்டும். பழைய ஜெட்டைத் துளை பெரிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் அடுப்பைக் கொடுக்க வேண்டாம்.

உங்களுடையது தனித்தனிச் சிலிண்டர் என்பதால் கேஸ் பேங்க் பற்றி இரண்டு வார்த்தை போதும், பக்கத்துக் குடியிருப்புக்காரர்களும் படிப்பார்கள். 100 கிலோவுக்கு மேல் எல்.பி.ஜி. ஓரிடத்தில் வைத்தால், எரிவாயு உருளை விதிகளின்படி உரிமம் பற்றிய கேள்வி வந்துவிடும். அதனால் கேஸ் பேங்க் உள்ளவர்கள் முதலில் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். அது வெளியில், வேலிக்குள், சாக்கடைக் குழிக்கும் மின்சாரப் பெட்டிக்கும் தள்ளி இருக்க வேண்டும். மேலேறும் குழாய் மின்கம்பிகள் போகும் ஷாஃப்டுக்குள் போகக் கூடாது. திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் கடற்காற்றில் இரும்புக் குழாய் அரிப்பது க்ளாம்புக்குப் பின்னால்தான் தொடங்கும், அங்கே தண்ணீர் தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். ஒவ்வொரு க்ளாம்பையும் தளர்த்திப் பார்க்காமல் "குழாய் நன்றாக இருக்கிறது" என்று யாரும் சொல்ல முடியாது.

எந்தச் சோதனைப் படிவத்திலும் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேஸ் கீசர். அது குளியலறைக்குள் இருக்கக் கூடாது. மூடிய அறையில் அது எரியும்போது ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, கேஸ் டிடெக்டரும் அதைக் கண்டுபிடிக்காது. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து, கதவு உள்ளே தாழிட்டிருக்க, அப்படியே இறந்துபோன செய்திகள் நம் நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. உங்கள் 40 வீட்டில் எத்தனை வீட்டில் இது இருக்கிறது என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் ஒரு மாதம் தள்ளிப் போகலாம், இது தள்ளக் கூடாது.

யாரைக் கூப்பிடுவது? வீட்டுத் தண்ணீர்க் குழாய் வேலை செய்யும் பிளம்பரை அல்ல. எண்ணெய் நிறுவனங்களுக்கோ ஹோட்டல், ஆஸ்பத்திரி சமையலறைகளுக்கோ எல்.பி.ஜி. குழாய் போடும் ஒப்பந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். உங்கள் ஏஜென்சியிடமே கேட்டால் சொல்வார்கள். ஐ.எஸ். 6044 தெரியுமா என்று கேளுங்கள், எல்.பி.ஜி. சிலிண்டர்களையும் அவற்றின் குழாய்களையும் அமைப்பதற்கான இந்தியத் தரநிலை அது. மானோமீட்டர் கொண்டுவருவீர்களா, எவ்வளவு நேரம் வைப்பீர்கள், அறிக்கையில் என்ன எழுதுவீர்கள் என்று கேளுங்கள். சோதிப்பவரும் பழுது பார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் நல்லது. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் எல்லா வீட்டிலும் பழுது கண்டுபிடிக்கும் ஆசை வரும். 40 வீட்டுக்கும் சேர்த்துப் பேசினால் விலையும் குறையும், ஒரு வாரத்தில் முடிந்தும் விடும். வீட்டு எண், சோதித்த நாள், இரண்டு டியூப்களின் ஆண்டு, தொடக்க அழுத்தம், முடிவு அழுத்தம் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி அலுவலகத்தில் வையுங்கள்.

காப்பீடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் எல்.பி.ஜி. விபத்துகளுக்கு எடுத்திருக்கும் காப்பீட்டில் உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம் வரை, மருத்துவச் செலவுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. சொத்துச் சேதத்துக்கான பணம், இணைப்பு பதிவாகியுள்ள முகவரியில் நடந்தால்தான் கிடைக்கும். மாம்பலத்து முகவரியிலேயே புத்தகத்தை வைத்துக்கொண்டு வேளச்சேரியில் சமைப்பவர்கள் உங்கள் கட்டடத்திலும் இருப்பார்கள். முகவரியை மாற்றச் சொல்லுங்கள்.

கேஸ் வாடை வந்தால் செய்ய வேண்டியதை ஒவ்வொரு மாடி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது எல்லாரும் செய்யும் தவறு, அந்தப் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்குப் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். அந்த மூடியைத் தூக்கி எறியாமல் நூலோடு சிலிண்டரிலேயே தொங்கவிட்டு வைத்திருக்க வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, வெளியிலிருந்து 1906க்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். லிப்ட் வேண்டாம், படியில் இறங்குங்கள். காலிங் பெல் அடித்து அடுத்த வீட்டுக்காரரை எழுப்பக் கூடாது, கதவைத் தட்டி எழுப்புங்கள்.

கடைசியாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள். 40 வீட்டில் நாலைந்து அப்படி இருக்கும். உரிமையாளர் வெளிநாட்டில், சாவி ஏதோ ஒரு சித்தப்பாவிடம், யுடிலிட்டியில் பாதி சிலிண்டர் ரெகுலேட்டரோடு நிற்கிறது. ஆள் இல்லாத வீட்டில் வாடையை முகர யாரும் இல்லை. அந்தச் சித்தப்பாவைக் கூப்பிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை ஏஜென்சியிடம் ஒப்படைத்து டெபாசிட் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சோதனைப் பட்டியலை அந்த வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.